எந்தப் பச்சைக்குக் கப்பலைத் திருப்புவது

கார்த்திகையில் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்காக என்னை அரியலூருக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அதே வாரம், நான் ஏறியிருக்க வேண்டிய கப்பல் அண்டார்டிகாவை நோக்கிக் கிளம்பியது. எனக்குப் பதிலாக, என்னோடு வேலை செய்யும் பெண் போனாள். தென்துருவத்தில் கோடை வந்து கடல்பனி உருகும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் திடீரென்று பெருகும். சில வாரங்களில் அடங்கிவிடும். கடல் ஆய்வாளர்களான நாங்கள் அதைப் பிடிக்கத்தான் வருடம் முழுக்கத் தயாராகிறோம்.

எனக்கு மிஞ்சியது செயற்கைக்கோள் படம். பாசி பெருகிய இடம் அதில் பச்சையாகத் தெரியும். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் அந்தக் கடலின் மேல் மேகம்தான் இருக்கும். மூடிவிட்டு வாசலுக்குப் போவேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். திரும்ப வந்து திறப்பேன். அதே மேகம்.

"பாசியப் பாக்கவாடி அவ்வளோ தூரம் போறீங்க? நம்ம ஏரியில இல்லாத பாசியா?" என்றாள் அம்மா.

"அது வேற பாசிம்மா."

"வழுக்குமா வழுக்காதா, அத சொல்லு."

மார்கழியில் ஒருநாள் மேகம் விலகியிருந்தது. படத்தில் இரண்டு இடங்களில் பச்சை. ஒன்று பனியின் விளிம்பை ஒட்டி, பெரிதாக, அடர்த்தியாக. இன்னொன்று வடக்கே தள்ளி, மங்கலாக. கப்பலிலிருந்து மின்னஞ்சல் வந்தது: "அக்கா, ஒரு தடவைதான் திருப்புவேன்னு கேப்டன் சொல்லிட்டார். சாயந்தரத்துக்குள்ள எந்தப் பக்கம்னு சொல்லுங்க. இங்க எல்லாரும் பெருசுக்குத்தான் போகணும்ங்கறாங்க."

பனியின் வெளிச்சம் பக்கத்துத் தண்ணீரில் சிதறி, இல்லாத பாசியை இருப்பதாகக் காட்டுவதுண்டு. கடல் ஆய்வுக்கு வருமுன் சில காலம் பத்திரிகையில் இருந்தேன். பரபரப்பான செய்தியை இரண்டாவது ஆளிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது அங்கே படிந்த பழக்கம். இங்கே அந்த இரண்டாவது ஆள், வடக்குப் பச்சைக்கு அருகில் மிதக்கும் ஒரு கருவி. பெரிய பச்சைக்கு அருகில் அப்படி எதுவும் இல்லை. அவ்வப்போது ஆழத்திலிருந்து மேலே வந்து தகவல் அனுப்பும். அன்று மதியம் வரை அனுப்பவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கழற்றக் கூடாத கண்ணாடி வளையல்கள் ஓயாமல் குலுங்கின.

"ஒக்காருடி. வயித்துல இருக்கறதுக்குத் தல சுத்தப்போவுது."

பொழுது சாயும் நேரத்தில் தகவல் வந்தது. மேல்தண்ணீரில் பாசி கூடியிருந்தது. பிரமாதமாக இல்லை, ஆனால் நிச்சயமாக. 'வடக்கே போங்க' என்று எழுதினேன். மறுநாள் முழுக்கப் பதில் இல்லை. அம்மா வைத்த சோறு ஆறியது.

அதற்கடுத்த நாள் வந்தது: "அக்கா, ஃபில்டர் அடைச்சுக்கிச்சு. அர பாட்டில் தண்ணிகூட இறங்கல."

பின்னால் நின்று படித்த அம்மா பதறினாள். "அடைச்சுக்கிச்சா? இனிமே அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

"அடைச்சாத்தாம்மா நல்லது. அவ்வளோ பாசி இருக்குன்னு அர்த்தம்."

கூடவே வடிதாளின் படம் இருந்தது. அதில் பழுப்பாக ஒரு வட்டம்; செயற்கைக்கோள் பச்சையாகக் காட்டும் பாசி, நேரில் இந்த நிறம்தான். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது டீ வடிகட்டுன துணி மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

நான் பழைய படத்தைத் திறந்து, பனியோரத்துப் பெரிய பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொய்யா, அல்லது இதைவிடப் பெரிய உண்மையா? கப்பல் இனி அங்கே போகாது. புதிய படத்தைத் திறந்தேன். மேகம் மூடியிருந்தது.