முய் காம்-சோய் விழுங்கிய வரி

ஹாங்காங்கில் சாய் யிங் புன் கப்பல்துறைக்கு எதிரே இருந்த அரசு அலுவலகத்தில் முய் காம்-சோய்க்கு ஒரே வேலைதான். கூலி வேலைக்குக் கடல் கடந்து போகிறவர்களை வரிசையாக நிறுத்தி, சட்டப்படி ஒப்பந்தத்தை அவர்கள் பாஷையில் உரக்க வாசிக்க வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. ஆளுக்கு இவ்வளவு விறகு, இவ்வளவு உப்பு முள்ளங்கி, படுக்க இவ்வளவு பலகை என்று நீண்டுகொண்டே போகும். சில பேர் விமானத்தில் போகத் தொடங்கிய பிறகும் காம்-சோய் விறகை விடவில்லை.

"விமானத்துல விறகை எங்கண்ணே வைப்பாங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"உன் தலை மேல. சட்டம்டா, வாயை மூடிட்டுக் கேளு."

முள்ளங்கியை ராகம் போட்டு வாசிக்கிற மனிதர், ஓர் இடத்தில் மட்டும் ஊமையாகிவிடுவார். போன இடத்தில் செத்தால் என்ன செய்வது என்ற வரி அது. பயணம் கிளம்புகிறவன் காதில் அந்தச் சொல் விழலாமா? வரிசையில் யாராவது வாய் தவறிச் சொன்னால்கூட மற்றவர்கள் தூ தூ என்று துப்பிவிட்டு, அவனை முறைப்பார்கள். பழைய சட்டம் அந்த வரியில் ஒரு சவப்பெட்டியைத்தான் தருவதாகச் சொன்னது. அதனால் அவர் விழுங்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். விறகு போனது, முள்ளங்கி போனது. ஒன்று புதிதாக வந்தது: ஆள் இறந்தால், அவன் எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொன்ன பெயருக்கு நஷ்டஈடு. பெயர் சொல்லாவிட்டால் குடும்பத்தின் மூத்த ஆணுக்கு. பெயரைக் கேட்க வேண்டியவர் வாசிப்பவர்தான்.

"நூறு வருஷக் குப்பையைக் கூட்டித் தள்ளியாச்சு!" என்று தேநீர்க் கடையில் காம்-சோய் பெருமையடித்துக்கொண்டார். அந்த வரியை விழுங்கும் தன் பங்குக் குப்பையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் அவருடைய தம்பி காம்-லுன், பாஸ்பேட் வெட்டும் தீவுக்கு வேலைக்குக் கிளம்பினான். அவன் பல வருஷமாகக் கஞ்சிக்கடை ஆ-யுக்கோடு குடும்பம் நடத்தினான். முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை. பெரியவர்களுக்கு அவள் கையால் தேநீர் கொடுத்து மருமகளாகவில்லை. பண்டிகைச் சாப்பாட்டில் முய் வீட்டார் அவளுக்குக் கிண்ணம் வைப்பதில்லை.

"அண்ணன் கேப்பாரு. எல்லார் முன்னாடியும் உன் பேரைத்தான் சொல்லப்போறேன்" என்று காம்-லுன் சொல்லியிருந்தான். அதைக் கேட்பதற்காகவே அவள் கடையை மூடிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அந்த வரி வந்தது. காம்-சோய் தொண்டையைக் கனைத்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார்.

"அண்ணே, ஒண்ணை விட்டுட்டீங்க."

"சீ, வாயைக் கழுவு! கப்பல் ஏறப்போறவன் பேசற பேச்சா இது? கையெழுத்தைப் போடு."

பின்னால் நின்றவர்கள் துப்பினார்கள். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத காம்-லுன் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த மழைக்காலத்துக்குள், சரக்கு ஏற்றும் இடத்தில் இரும்புக் கம்பி அறுந்து அவன் செத்தான். பழைய சட்டமாக இருந்தால் நஷ்டஈடு என்ற பேச்சே இருந்திருக்காது. புதுச் சட்டம் சுறுசுறுப்பானது. பணம் நேராகக் குடும்பத்தின் மூத்த ஆண் கையில், அதாவது காம்-சோய் கையில் வந்து விழுந்தது.

"தெரிஞ்சேதான் முழுங்கியிருக்கான்" என்றது தெரு. பாவம், அவ்வளவு சாமர்த்தியம் அவருக்கு ஏது? அழுது வீங்கிய கண்ணோடு கஞ்சிக்கடைக்குப் போய், பணத்தை அப்படியே நீட்டினார்.

"எனக்கு ஒரு காசும் வேணாம்மா. அதைச் சொன்னா அவனுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துட்டேன்."

ஆ-யுக் பணத்தை வாங்கி உள்ளே வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன பைத்தியமா?

"பணம் வந்துடுச்சு பெரியண்ணே. அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா, அவரு என் பேரைச் சொல்லியிருப்பாரு. அத்தனை பேர் காதுலயும் விழுந்திருக்கும். அதை இப்ப யார்கிட்டப் போய் வாங்குவேன்?"



மறுநாள் வரிசையில் காம்-சோய் அந்த வரியை முழுசாக வாசித்தார். எல்லோரும் துப்பினார்கள். அவர் சட்டைமேல்கூடத் தெறித்தது.

"நீ செத்தா பணம் யாருக்கு? பேரைச் சொல்லு" என்று முதலில் நின்றவனைக் கேட்டார்.

அவன் பல்லைக் கடித்தான். அவர் நகரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண்ணின் பெயரை முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லுடா" என்றார் காம்-சோய். "எல்லார் காதுலயும் விழணும்."