மிதிப்பது அக்கா, ஓட்டுவது மாமா

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலை பார்ப்பதென்னவோ குடிநீர் அலுவலகத்தில், புகார் மனு வாங்கும் மேசையில். காரை ஒர்க்‌ஷாப்பில் விடாமல் வாசலிலேயே பிரித்துப் போட்டுச் சரிசெய்வதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. நான் அவரை மாமா என்கிறேன். மனசுக்குள் கூப்பிடும் பெயரை இங்கே எழுத முடியாது.

வண்டி பழசு. கிளட்ச் பெடலை மிதித்தால், அந்த அழுத்தம் ஒரு குழாயில் உள்ள ஆயில் வழியாகப் போய் வேலை செய்யும். குழாயில் காற்று புகுந்தால் பெடல் தொளதொளவென்று தரையோடு போய்விடும், கியர் விழாது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பார். இன்னொருவர் அடியில் படுத்து ஒரு சின்ன நட்டைத் திறப்பார். அப்போது ஆயிலோடு குமிழியும் டியூப் வழியாகப் பாட்டிலில் வந்து விழும்.

அடியில் படுப்பது மாமா. மிதிப்பது எப்போதும் அக்கா. அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். "மிதி", "புடி", "விடு" என்று கீழேயிருந்து உத்தரவு வரும். வேலை முடிந்த சில வாரங்களில் பெடல் மறுபடி தொளதொளக்கும். உடனே பழி அக்காவின் காலுக்கு. அவளுக்குச் சரியாக மிதிக்கத் தெரியவில்லையாம். கூசாமல் தெருவில் நின்று அதைச் சொல்வார்.

இத்தனைக்கும் அக்கா கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். வந்த நாளிலிருந்து அந்த வண்டியை ஒரு தெரு தூரம்கூட ஓட்டியதில்லை. கேட்டால், "உன் காலுக்கு கிளட்ச் தாங்காது" என்று மாமா முடித்துவிடுவார். கிளட்சைச் சரிசெய்ய மட்டும் அந்தக் கால் வேண்டும். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அக்கா ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காத நோயாளிகள் அவள் வரட்டும் என்று காத்திருப்பார்கள். போன மாதம் காலை ஷிஃப்டுக்குப் பொறுப்பாளராக வரச் சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. காரில்தான் போக வேண்டும். வண்டி தனக்கு ஆபீசுக்கு வேண்டும், தர முடியாது என்றார் மாமா. அவருடைய ஆபீஸ் வாசலிலேயே பஸ் நிற்கும், அது வேறு விஷயம். திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக லேபில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து கிளட்ச் மறுபடி படுத்துக்கொண்டது. மாமா முன்சக்கரங்களை இரண்டு சாய்வுப் பலகைகள் மேல் ஏற்றிவிட்டு, என்னை ஆயில் வாங்க அனுப்பினார். கடைக்காரர் டப்பாவைக் கொடுத்துக்கொண்டே, நட்டை மூடின பிறகுதான் மிதிக்கிறவர் காலை எடுக்கணும், இல்லாவிட்டால் போன காற்று அப்படியே திரும்பிவிடும் என்றார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பானெட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கிளட்ச் ஆயில் கிண்ணம் காலியாகாமல் டப்பாவிலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பது என் வேலை. அக்கா சீட்டில். மாமா அடியில். மிதி, புடி, விடு. கொஞ்சம் குனிந்து பார்த்தேன். மாமா "விடு" என்று சொன்னபோது ஸ்பேனர் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா சொன்ன சொல் தட்டாமல் காலை எடுத்தாள். டியூபில் வெளியே வந்த குமிழிகள் சரசரவென்று உள்ளே ஓடின. அடுத்த தடவையும் அதேதான். இத்தனை வருஷமாக இந்த மனிதர் எடுத்த காற்றைத் தானே திரும்ப ஏற்றிக்கொண்டு, பழியை என் அக்கா தலையில் கட்டியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்காரர் சொன்னதையும் என் கண்ணால் பார்த்ததையும் சத்தமாகச் சொன்னேன். ஆயில் ஊற்றுகிற வேலையை மட்டும் பார்க்கச் சொல்லிக் கீழேயிருந்து பதில் வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"மிதி. புடி. விடு."

அக்கா விடவில்லை.

"விடுன்னு சொல்றேன்ல?"

"நட்டை மூடிட்டீங்களா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? விடுன்னா விடு."

"மூடுங்க, விடறேன்," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. பெடல் தரையோடு இருந்தது, அவள் கால் அதன் மேல் இருந்தது. கீழே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு, திட்டு. ஆயில் அவர் முழங்கை வரை வழிந்தது. கடைசியில் ஸ்பேனர் இறுகும் சத்தம் கேட்டது. அதன் பிறகே காலை எடுத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் அப்படித்தான் செய்தாள். டியூபில் குமிழி குறைந்தது, பிறகு நின்றே போனது. பெடல் காலுக்கு நல்ல கெட்டியாக ஏறி வந்தது.

மாமா கீழேயிருந்து சொன்னார்: "இப்பதான் சரியா மிதிக்கிற. எத்தனை வருஷமா சொல்றேன், இன்னைக்குத்தான் மண்டையில ஏறியிருக்கு."

கையில் இருந்த டப்பாவை அப்படியே அவர் காலில் போட்டிருப்பேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

"வெளிய வாங்க. வண்டியை எடுக்கணும்," என்றாள்.

மாமா தவழ்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, பலகையிலிருந்து பின்னால் இறக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை, நான் இறக்குகிறேன், நகரு என்றார். அக்கா அதற்குள் கதவைச் சாத்தியிருந்தாள். இன்ஜினைப் போட்டாள், ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்சை அவள் விட்ட விதத்தில் வண்டி ஒரு உலுக்கல்கூட இல்லாமல் பலகையை விட்டு இறங்கித் தெருவில் போய் நின்றது. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மாமா வேகமாக ஜன்னலருகே போனார். அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைலேருந்து காலைல வண்டி எனக்கு வேணும். உங்களுக்கு பஸ் இருக்கு, எனக்கு இல்லை. லேபுக்கு வரேன்னு சொல்லிடப் போறேன்."

மாமாவுக்குத் தெரு பார்க்கிறது என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கிளட்ச் போச்சுன்னா?"

"போனா நீங்க மிதிங்க," என்றாள் அக்கா. "நான் கீழ படுக்கறேன்."