பெர்சி கறுப்பாக்கிய பக்கங்கள்

குமுளியில் பேருந்துகள் திரும்பும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஏலக்காய்க் கடைகள் இரண்டுக்கு நடுவே பெர்சியின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பாள், லேமினேஷன் போடுவாள், தமிழிலும் மலையாளத்திலும் டைப் அடித்துக் கொடுப்பாள். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்களின் மகள். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுக் கம்பத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். மலையாளம் எழுதப் பழகியது கடைக்கு வந்தவர்களிடமிருந்துதான். வில்லேஜ் ஆபீசுக்கு அபேட்சை, அதாவது விண்ணப்பம், எழுத வருகிறவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, பிழையில்லாமல் அடித்துவிடுவாள்.

அவள் கணவர் சின்னமுத்து ஜீப் ஓட்டினார். காலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. இடையில் பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடும் நேரத்தில் அவர் புத்தகம் படிப்பார். பழைய அரசர்களின் கதை, கப்பலில் போனவர்கள் எழுதியது, யாரோ ஒரு வெள்ளைக்காரன் இந்த மலையில் காடு அழித்த வரலாறு, எதுவானாலும் சரி. அவர் படிப்பை வைத்துப் பரீட்சை எழுதப்போவதுமில்லை, யாரிடமும் பெருமை பேசப்போவதுமில்லை. படிக்கப் பிடித்திருந்தது, படித்தார்.

கொரோனாவில் நூலகம் மூடிய பிறகு போனுக்கு மாறினார். வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பகலில் வெயிலில் போன் திரை தெரியவில்லை. அதனால் படிப்பு ராத்திரிக்குப் போனது. பெர்சிக்கு வெளிச்சம் இருந்தால் தூக்கம் வராது. ஒரே மகளும் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். விளக்கை அணைத்துவிட்டு, குப்புறப் படுத்து, தலையணையில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வார்.

“கண்ணு கூசுது புள்ள. யாரோ டார்ச்ச மூஞ்சிக்கு நேரா அடிக்கிற மாதிரி இருக்கு” என்றார் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது.

“டார்க் மோடுன்னு இருக்கே, அதப் போட வேண்டியதுதான?”

“போட்டேன். போன் பூராம் கறுப்பாயிருச்சு. புத்தகம் மட்டும் வெள்ளையாத்தான் இருக்கு.”

பெர்சிக்குக் காரணம் உடனே புரிந்தது. ஸ்கேன் செய்த பக்கம் எழுத்தல்ல, போட்டோ. போன் அதை மாற்றாது. பக்கத்தையேதான் மாற்ற வேண்டும். அன்று கடையில் கூட்டம் குறைந்ததும் அவருடைய புத்தகம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

முதல் முயற்சி சிரிப்பாக முடிந்தது. நிறங்களைத் தலைகீழாக்கியதும் பழுப்பேறிய தாள் மங்கலான நீலமாக மாறியது. நடுவில் இருந்த ராஜாவின் படத்தில் முகம் கறுத்து, மீசை வெளுத்து, கண்மணி வெள்ளையாக நின்றது. சின்னமுத்து பார்த்துவிட்டு, “ராஜாவுக்குப் பேய் புடிச்சிருச்சு” என்றார். அவள் விடவில்லை. முதலில் பழுப்பை எடுத்தாள், எழுத்தை அழுத்தமாக்கினாள், பிறகு தலைகீழாக்கினாள். படம் உள்ள பக்கங்களை அப்படியே விட்டாள். தாளில் இருந்த பூச்சி ஓட்டைகள் கறுப்புப் பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி மின்னின. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை எழுத்து ஊறிப் பரவுகிறது என்றார் அவர். பக்கத்தைக் கரி நிறமாகவும் எழுத்தைச் சாம்பல் நிறமாகவும் ஆக்கினாள்.

“இப்பத்தான் பாலத் தொண்டையில ஊத்துன மாதிரி இருக்கு” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் செய்து கொடுத்த எதையும் அவர் அப்படிப் புகழ்ந்ததில்லை. பெர்சி அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

அதன் பிறகு அவர் கேட்பதற்கு முன்பே அடுத்த புத்தகம் தயாராக இருக்கும். செய்தி பரவி, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வந்தார்கள். ‘இரவில் படிக்கக் கறுப்புப் பக்கமாக மாற்றித் தரப்படும்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். குமுளியில் வேறு எந்தக் கடையிலும் அந்த வேலை இல்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சின்னமுத்து தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார். வலது புருவத்துக்கு மேலே குத்துகிறது என்பார். படித்து முடிக்கும்போது வரும். தூங்கி எழுந்தால் இருக்காது. அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

“விடியக்காலம் மலை ஏறுறப்ப எதிர்ல வர்ற வண்டி லைட்டச் சுத்தி வட்ட வட்டமாத் தெரியுது” என்று ஒருமுறை சொன்னார். “கலர் கலரா.”

“பனியா இருக்கும்” என்றாள் பெர்சி.

“பனி இல்லாதப்பவும் தெரியுதே.”

“எழுத்து இன்னும் வெளிச்சமா இருக்கு போல. இன்னுங்கொஞ்சம் மங்கலாக்கித் தாரேன்.”

மங்கலாக்கிக் கொடுத்தாள். போன் வெளிச்சத்தையும் கடைசி வரை குறைத்து வைத்தாள். அவருக்குக் கூச்சம் போனது. தலைவலி மட்டும் விட்டு விட்டு வந்தது.

அந்தச் சமயத்தில் சர்ச் ஹாலில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. அதற்கான நோட்டீசை அடித்துக் கொடுத்ததே பெர்சிதான். சின்னமுத்துவிடம் போய்விட்டு வரச் சொன்னாள். “எனக்கென்ன, எழுத்து நல்லாத்தான தெரியுது” என்று சொல்லிவிட்டு டிரிப்புக்குக் கிளம்பிவிட்டார். அவளும் அதோடு விட்டுவிட்டாள். கறுப்புப் பக்கத்தில் அவர் தடையில்லாமல் படித்துக்கொண்டிருந்தார். படிக்கிறவருக்குக் கண்ணில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று நினைத்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். வெளியே விடாத மழை. கரண்ட் இல்லை. சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். பட்டப்பகலிலேயே அறை இருட்டாகக் கிடந்தது. சின்னமுத்து குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார். பெர்சி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். கண் சிவந்து கிடந்தது.

“கறி ஒத்துக்கல போல” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “மண்ட பொளந்துரும் போல இருக்கு.”

அவளும் கறிதான் என்று நினைத்தாள். மருந்துக் கடையில் வாந்திக்கும் தலைவலிக்கும் மாத்திரை வாங்கி வந்தாள். தைலம் தேய்த்துவிட்டாள். காலையில் அவர் எழுந்தபோது வலி குறைந்திருந்தது. ஆனால் வலது கண்ணின் கருவிழி புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, “பெர்சி, கைய ஆட்டு” என்றார். அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜீப் ஸ்டாண்டில் சின்னமுத்துவோடு வண்டி ஓட்டும் டின்டுதான் இருவரையும் தேனியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த பெண் டாக்டர் கண் அழுத்தத்தைப் பார்த்ததும் உடனே படுக்க வைத்து மருந்து ஏற்றச் சொன்னார். பிறகு கேட்டார்.

“இதுக்கு முன்னாடி தலைவலி வந்திருக்கா? லைட்டச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரிஞ்சுதா?”

“கொஞ்சம் தெரிஞ்சுது” என்றார் சின்னமுத்து.

“எத்தன நாளா?”

பெர்சிதான் சொன்னாள். “மழைக்கு முன்னாடி இருந்தே டாக்டர். ராத்திரி போன்ல படிக்கிறப்ப. நான்தான் பக்கத்தையெல்லாம் கறுப்பாக்கிக் குடுத்தேன். அதுனாலயா?”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “பக்கம் கறுப்பா இருந்ததால வர்ற நோய் இல்லம்மா இது. இவரு கண்ணோட அமைப்பு அப்படி. கண்ணுக்குள்ள ஊறுற நீர் வெளிய போற வழி ரொம்பக் குறுகலா இருக்கு. இருட்டுல கண்மணி விரியும். அப்ப அந்த வழி அடைச்சுக்கும். இருட்டு ரூம்ல குப்புறப் படுத்து ரொம்ப நேரம் படிச்சா இன்னும் சுலபமா அடைக்கும். தூங்குனா கண்மணி சுருங்கும், வழி திறந்துக்கும், வலியும் போயிரும். நேத்து திறக்கல.”

“இனி பார்வ வருமா?” என்று கேட்டாள் பெர்சி.

“வலது கண்ணுல நரம்பு ரொம்ப அடிவாங்கிருச்சு. போனது வராது. இடது கண்ண லேசர் வச்சுக் காப்பாத்திரலாம். தலைவலி வந்தப்பவே வந்திருந்தா ரெண்டுக்குமே அதப் பண்ணியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை.”

பத்து நிமிஷம் என்ற சொல் பெர்சிக்குள் தங்கிவிட்டது. ஒரு பக்கத்தில் பூச்சி ஓட்டைகளைத் துடைக்கவே அவளுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. திரும்பி வந்த பிறகு சின்னமுத்து ஒரே ஒருமுறை ஆளில்லாத ஜீப்பை எடுத்துப் பார்த்தார். முதல் வளைவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி, டின்டுவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஸ்டாண்டில் எந்த வண்டி எந்தத் தோட்டத்துக்கு என்று பிரித்து அனுப்பும் வேலை இப்போது அவருக்கு. படிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. பாதியில் விட்ட புத்தகத்தைப் பெர்சி பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். காலை வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் படிப்பார். பிறகு மடக்கி வைத்துவிட்டு ரோட்டில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பெர்சி கிழித்துவிட்டாள். யாராவது கேட்டால் சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை என்றாள். ஒருநாள் பூவாத்தாள் டீச்சர் வந்தார். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கே தமிழ்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர்.

“ஏனுங்க அக்கா, பி.டி.எஃப்ப கறுப்பாப் பண்ணிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்களே. ராத்திரி படிக்கக் கண்ணு கூசுதுங்க.”

“மண்ட வலிக்குதா டீச்சர்?”

“ஆமாங்க. கொஞ்ச நாளா இருக்குதுங்க.”

“மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க. அப்புறம் பண்ணித் தாரேன்.”

டீச்சரின் முகம் மாறியது. “நான் கேட்டது வேற, நீங்க சொல்றது வேறயா இருக்குதுங்களே” என்றார். பெர்சி அசையவில்லை. டீச்சர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சில வாரம் கழித்துப் புதுக் கண்ணாடியோடு வந்து, “ஒண்ணுமில்லீங்க, பவர்தான் மாறியிருந்துச்சு. இப்பவாச்சும் பண்ணிக் குடுங்க” என்றார். பெர்சி செய்து கொடுத்தாள். விரல்கள் பழைய வேகத்தில் போயின.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது சின்னமுத்து வந்து வெளியே நின்றார். இத்தனை மாதமாகச் சொல்ல நினைத்ததை அவள் அப்போதுதான் சொன்னாள்.

“நீங்க வட்டம் தெரியுதுன்னு சொன்னப்பவே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். பக்கத்த மங்கலாக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“நீ கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் புள்ள. என்னயத் தெரியாதா ஒனக்கு?”

அவர் அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். ஷட்டரின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை இவள் இழுத்துப் பூட்டினாள். அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை எதைச் சொன்னாலும் தட்டிக் கழிப்பார். அதையே இரண்டாம் தடவை சொன்னால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.