டிப்போ வளைவில் ஒரு கல்

ஒரு டவுன் பஸ் டிரைவருக்கு ஹாரன் என்று பேர் வைக்க ஊர் பெரிதாகக் கற்பனையைச் செலவழிக்கவில்லை. வளைவு வந்தால் அடிப்பார். வளைவு மாதிரி எது தெரிந்தாலும் அடிப்பார். வீட்டில் அடுப்படியிலிருந்து கூடத்துக்குத் திரும்பும்போது வாயாலேயே "பாம் பாம்" என்பார். கல்யாணமான புதிதில் அந்தத் திருப்பத்தில் மனைவி வெந்நீர்ப் பாத்திரத்தோடு எதிரே வந்து, இருவரும் மயிரிழையில் தப்பியதிலிருந்து இந்தப் பழக்கம்.

"பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க," என்பாள் அவள்.

"சிரிக்கட்டும். வெந்துபோனா அழணும்ல."

போர் வந்தது. வாய்ச்சண்டையில் முன்வரிசையில் நின்றவர் சிமெண்ட் கடைக்காரர். வீட்டுக்கு ஒருவர் கிளம்ப வேண்டும் என்று மேடையில் முழங்கினார்; அவர் வீட்டிலிருந்து மேடை வரைக்கும் ஒருவர் கிளம்பியிருந்தார். ராணுவத்தில் லாரி ஓட்ட ஆள் குறைந்தபோது ஹாரனைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் ஸ்டியரிங் மாதிரி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றாராம். பேசாமல் தண்ணீர் லாரியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்த அதிகாரி, ஹாரன் எதிரியோடு நேருக்கு நேர் மோதி உயிர் விட்டார் என்றார். மனைவிக்கு அழுகையோடு குழப்பமும் வந்தது. கரப்பான்பூச்சியைக் காகிதத்தில் ஏந்தி வாசலில் விட்டுவிட்டு வருகிற மனுஷன், யாரோடு போய் மோதினார்? கடைசியில் என்னதான் நடந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கையில் கட்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். முகாமில் சமையல்காரர், அன்றைக்கு லாரியில் பக்கத்து சீட்டில் இருந்தவர்.

"எதிரியை அண்ணனும் பாக்கல, நானும் பாக்கல, அண்ணி. மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க. சத்தம் வர்ற இடத்தைப் பார்த்துக் குண்டு போடுவாங்க. அதனால அந்த ரோட்டுல ஹாரனே அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"இவர் அடிச்சாரா?"

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மண் ரோட்டுல தண்ணி சொட்டிக்கிட்டே போயிருந்துச்சு. 'யாரோ குடம் தூக்கிட்டு முன்னால போறாங்கடா'ன்னார். சரிவு வேற, டேங்க் முழுக்கத் தண்ணி, பிரேக் போட்டா வண்டி நிக்காது. வளைவு வந்திருச்சு. அண்ணே, வேண்டாம்னேன். அமுக்கிட்டார். ரெண்டு பொம்பளைங்க குடத்தைப் போட்டுட்டு ஓரமா ஒதுங்கினாங்க. அவங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், குண்டு விழுந்துச்சு. நான் தெறிச்சு விழுந்தேன். அண்ணன் சீட்டுலயே..."

"அந்தப் பொம்பளைங்க?"

"நல்லா இருக்காங்க. என்னைத் தூக்கிட்டு வந்ததே அவங்கதான்."

அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஊரில் நினைவுக்கல் வைக்கக் குழு போட்டார்கள். தலைவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை; கல்லுக்குச் சிமெண்ட் வேண்டுமல்லவா. அவள் நேரே கடைக்கே போனாள்.

"நடந்ததைப் போடுங்கண்ணே. வளைவுல ஹாரன் அடிச்சார், ரெண்டு பேர் பிழைச்சாங்கன்னு."

"படிக்கிறவன் சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டும்."

"உத்தரவை மீறினார்னு கல்லுல வெட்டவா முடியும்? வீரன்னா மோதியே ஆகணும். நான் எழுதி வெச்சாச்சு."

அவள் சிமெண்ட் மூட்டைகளை ஒரு நோட்டம் விட்டாள். பிறகு ரொம்பப் பணிவாக, "சரி, எழுத்து உங்க இஷ்டம். இடத்தையாவது நான் சொல்லலாமா?" என்றாள். "பஸ் டிப்போ வளைவு. தினமும் அவர் திரும்பின இடம். கல்லு மட்டும் நல்லா உயரமா, அகலமா இருக்கட்டும். சின்னதா வெச்சா உங்களுக்குத்தான் மரியாதை இல்ல."

அகலத்துக்கு எதிராகச் சிமெண்ட் கடைக்காரர் வாழ்நாளில் பேசியதில்லை. உடனே சம்மதித்தார்.

திறப்பு விழாவில், கல்லுக்கு முன்னால் நின்று, "எதிரியை நேருக்கு நேர்..." என்று ஆரம்பித்தார். பின்னால் ஒரு பஸ் "பாம்" என்றது. மறுபடி ஆரம்பித்தார். லாரி ஒன்று "பாம் பாம்" என்றது. கடைசியில் பொறுக்க முடியாமல் அடுத்த பஸ்ஸை மறித்தார்.

"யாருய்யா நீ? ரெண்டு வார்த்தை பேச விடமாட்டியா?"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "கல்லு மறைக்குது தலைவரே. அந்தப் பக்கம் ஆள் வந்தா தெரியல. அடிக்காம எப்படித் திரும்பறது?"

முன்வரிசையில் அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பின்னால் இருந்தவர்கள், பாவம் அழுகிறாள் என்று நினைத்தார்கள். பாதி சரிதான்.