நிலம் நோகாமல் நடக்கும் பிள்ளை

நான் பல்கலைக்கழகம் போவதைக் கெடுக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழிந்தும் அவர்களை நினைத்தால் முதலில் கோபமும் பிறகு சிரிப்பும் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சாய்ந்தமருதில் கடற்கரையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. உயர்தரம் எழுதி, மலைநாட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தேன். வாப்பா சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தார். அதிகம் பேசாத மனிதர்.

"படிச்சு முடியிற வரைக்கும் ஹொஸ்டல் எண்டா போ. வெளிய அறை எடுத்து நிக்கிறதெண்டா வேணாம்" என்று ஒருமுறை சொன்னார். ஒன்றை இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பல்கலைக்கழக விடுதியோ முதல் வருடத்துக்கு மட்டும்தான் நிச்சயம். அதற்குப் பிறகு வெளியேதான் அறை தேட வேண்டும். ஆகவே என் படிப்பு அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கொழும்பில் ஓர் அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகை பற்றிக் கேள்விப்பட்டேன். பல்கலைக்கழகத்துக்கு அருகில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெண்கள் விடுதி இருந்தது. தெரிவானவர்கள் பட்டம் எடுக்கும்வரை அங்கேயே தங்கலாம். பரீட்சைப் புள்ளி மட்டும் அவர்களுக்குப் போதாது. தலைமைத்துவம் வேண்டும், விளையாட்டு வேண்டும், ஊருக்கு ஏதாவது செய்திருக்கவும் வேண்டும். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது.

பாடசாலையில் நான்தான் மாணவர் தலைவி. வலைப்பந்து அணிக்கும் நான்தான் தலைவி. எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் வாங்கிய கிண்ணங்கள் வீட்டு அலுமாரியின் மேல் வரிசையாக நின்றன. ஓடியதெல்லாம் எங்கள் பெண்கள் பாடசாலையின் உயர்ந்த மதிலுக்குள்தான். வெளியே நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. மாரி வெள்ளம் வடிந்த பிறகு, ஒழுங்கைப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகக் கிணறு இறைத்துச் சுத்தம் செய்தேன். பின்னேரங்களில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் சின்னப் பிள்ளைகளை எங்கள் வளவில் பாய் விரித்து இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்கும் என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வார். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

இனி எங்கள் ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் நேரே பெண் வீட்டுக்கு வரமாட்டார்கள். ஊரில் வந்து இறங்கி, கடையிலும் அயல் வீட்டிலும் சாடைமாடையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் கேட்கிறோம் என்றும் சொல்லமாட்டார்கள். ஒழுங்கைக்கு அது நன்றாகத் தெரியும். எந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள். சோற்றைக் கரிய விடும் பெண், கைப்பக்குவத்தில் பேர் போனவளாகிவிடுவாள். வாயாடி என்று பேர் எடுத்தவள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவளாகிவிடுவாள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுப் பெண் கரையேறினால் முழு ஒழுங்கைக்கும் அது நல்ல சகுனம்.

அந்த அறக்கட்டளைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பித்தவர் சொன்னது உண்மையா என்று ஊருக்கு வந்து அயலவரிடம் கேட்பார்கள். யாரும் புளுகிவிடக்கூடாது என்பதற்காகக் காரணத்தைச் சொல்லமாட்டார்கள், வீட்டுக்கும் வரமாட்டார்கள். இதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி போல வெள்ளை வேன் ஒன்று ஒழுங்கை முனையில் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும், சேலை உடுத்த ஓர் அம்மாவும் இறங்கினார்கள். பார்த்தால் புருஷன் பெண்சாதி போலவே இருந்தார்கள். பிறகு கேட்க வேண்டுமா?

முதலில் முனைக் கடைக்காரரிடம் போனார்கள். எங்களுக்கு அவர் காக்கா, அண்ணன் முறை. "அந்தப் பிள்ளை நாலு பேரைக் கூட்டி ஒரு வேலை செய்யக்கூடியவவா?" என்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"சீச்சீ! கடைக்குச் சாமான் வாங்கக்கூட வரமாட்டா. தம்பியத்தான் அனுப்புவா" என்றார் காக்கா. அன்று காலையில்தான் அழுகின வெங்காயத்துக்காக அவரோடு நின்று வாதாடிவிட்டு வந்திருந்தேன். எனக்குத் தம்பியும் கிடையாது.

அடுத்தது பக்கத்து வீட்டு ராத்தா, எனக்கு அக்கா மாதிரி. அவருடைய மகன் என் பாயில் இருந்து படிக்கிறவன். வீட்டில் பொடியன்மார் கூடுகிறார்கள் என்றால் பெண்ணுக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று பயந்து, "படிப்பிக்கிறதா? அப்பிடி ஒண்டும் இல்ல. அவ உண்டு, அவட வேல உண்டு" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கடைசியாக முன்வீட்டு மாமி. சொந்தமில்லை, ஆனால் என்னைத் தூக்கி வளர்த்தவர். அவரிடம் அந்த அம்மா, "பிள்ளை நல்லா ஓடுவாவாமே?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

"ஓட்டமா? அல்லாவே! அவ நடந்தாலே நிலம் நோகாது. அவட சத்தம் எப்பிடி எண்டு எனக்கே தெரியாது, முன்வீட்டுல இரிக்கன்" என்றார் மாமி. கிணறு இறைத்ததைப் பற்றிக் கேட்டதற்கு, வாளி தூக்கவே பலம் இல்லாத பிள்ளை என்றும் சேர்த்துக்கொண்டாராம்.

அவர்கள் வேனை நோக்கி நடக்கத் தொடங்கியதும் மாமி பின்வேலிக் கடப்பால் நுழைந்து எங்கள் குசினிக்குள் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"என்னகா, தேத்தண்ணிய ஊத்து! உன்ட மகளுக்கு விசாரிச்சு வந்திரிக்காங்க. கொழும்புப் பக்கத்துச் சனம், நல்ல மரியாதை" என்றார் உம்மாவிடம். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமி கேட்டாங்க?"

"என்னென்னவோ கேக்காங்க மகள். ஓடுவாவா, கூட்டம் கூட்டுவாவா, கிணறு இறைச்சாவா எண்டு. ஆரோ வயித்தெரிச்சல் புடிச்சவங்க உன்னப் பத்திக் கத கட்டி விட்டிரிக்காங்க. நான் விடுவனா? ஒண்டையும் ஒத்துக்கொள்ளல்ல."

எந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஓடத் தெரியுமா என்று கேட்பார்கள்? அறக்கட்டளைக்கு நான் எழுதிய ஒவ்வொன்றையும் ஒழுங்கையே ஒன்றுசேர்ந்து பொய்யாக்கியிருந்தது. துருவலையைத் தள்ளிவிட்டு நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கலைந்து ஓடின. அது கலியாணம் இல்லை, என் உதவித்தொகை, என் ஹொஸ்டல், என் படிப்பு என்று கத்தினேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதற்கு மேல் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு ஓடினேன்.

வேன் ஒழுங்கை முனையில் கல்முனைப் பக்கம் திரும்புவது தெரிந்தது. செருப்பு ஒன்று கடைக்கு முன்னால் கழன்றது, மற்றதை நானே உதறினேன். கடைக் காக்கா தராசோடு அப்படியே நின்றார். பிரதான வீதியில் ஏறினேன். தேத்தண்ணிக் கடையில் இருந்த ஆம்பிளைகள் கோப்பையும் கையுமாக எழும்பி நின்று பார்த்தார்கள். வெட்கப்பட நேரம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மதில் இல்லாமல் நீட்டுக்கு ஓடுவது நன்றாகத்தான் இருந்தது. நல்ல காலம், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று இழுவைப் பெட்டியோடு குறுக்கே திரும்ப முடியாமல் வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. சம்மாந்துறைக்குப் போகிற வண்டி. அதற்குப் பின்னால் வேன் மாட்டிக்கொண்டது. போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கினார். நான் யார் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெறும் கால், வியர்வை, கையில் தேங்காய்ப்பூ.

"உங்களுக்கு வாளி தூக்கவே பலமில்லை என்றல்லவா சொன்னார்கள்?"

நான் பதில் சொல்லத் தொடங்கும்போது பின்னால் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முழு ஒழுங்கையும் வந்துகொண்டிருந்தது. முன்னால் மாமி. முந்தானைக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். கிட்ட வந்ததும் என் கிண்ணங்களை எடுத்து வேன் இருக்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"பொய் சொன்னன் அம்மா, எல்லாம் பொய். இவ ஓடுவா. கத்தினா கடலுக்கும் கேக்கும். என்ட கிணத்துக்குள்ள இறங்கிச் சேறு அள்ளினதும் இவதான்."

"என்ட மகன் கணக்குல பாஸாகினது இவட அடியாலதான்" என்றார் ராத்தா. நான் யாரையும் அடித்ததில்லை. "வெங்காயத்துக்கு என்னோட சண்டைக்கு வந்தவ" என்று காக்கா தன் பங்குக்குச் சொன்னார். மரம் ஏறுவேன், பாம்பு அடிப்பேன் என்றும் யாரோ சொன்னார்கள். புளுகு அந்தப் பக்கம் முடிந்து இந்தப் பக்கம் தொடங்கியிருந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமியிடம் கேட்டார்: "மெயின் ரோட்டில் வைத்து இவ்வளவையும் சொல்லிவிட்டீர்களே. நாளைக்கு உண்மையாகவே கலியாணம் பேசி யாரும் வந்தால்?"

மாமி சுற்றிப் பார்த்தார். தேத்தண்ணிக் கடை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை வந்து பார்க்க வேண்டும் என்று தொழுகையில் அவர் கேட்காத துஆ இல்லை.

"வாறவன் ஓடத் தெரிஞ்சவனா வரட்டும்" என்றார்.

ஓடும்போது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவீதியில் நின்று அழுதேன். உழவு இயந்திரக்காரர் எங்களை வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடித்தார்.

உதவித்தொகை கிடைத்தது. முடிவை ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. ஆனால் அன்று பின்னேரம் அது யாருக்கும் தெரியாது. வாப்பா வரும் நேரத்தை நினைத்து நானும் உம்மாவும் குசினியில் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த உழவு இயந்திரம் போனது வாப்பாவின் ஆலைக்கு. செய்தி அவருக்கு எப்போதோ போயிருக்கும்.

வாப்பா வந்து சைக்கிளைச் சாத்தினார். கால் கழுவினார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

"மெயின் ரோட்டுல ஓடினியாமே?"

"ஓம் வாப்பா."

வாப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வேனப் புடிச்சியா?"

"புடிச்சன் வாப்பா."

"அப்ப சரி" என்றார். "பெட்டி ஒண்டு வாங்கணும். உடுப்பு வெச்சுக் கொண்டுபோக."