ஃபேட் 0.0

பாலில் தண்ணீர் கலப்பவள் என்று ஒரு பெண்ணை ஊர் ஏசியது. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

அமெரிக்கா போக ஆளாளுக்கு ஜாவா படித்த காலம் அது. திருப்பதியில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதில் நானும் படித்தேன். சித்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கார்வேட்டிநகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் அதைப் பொருத்தினோம். பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டரும், ஃபேட் என்கிற கொழுப்பு அளவும் அச்சான சீட்டு வரும்.

அன்று காலை கரண்ட் போய்ப் போய் வந்தது. ஃபேட் பார்க்கும் மெஷின் ஓடாததால், குமாஸ்தா பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணுக்கு லிட்டரை மட்டும் ஏற்றினார். சீட்டில் ஃபேட் 0.0 என்று விழுந்தது.

புரோகிராமில் எண்ணைப் போட்டு வைக்கும் இடத்துக்கு வேரியபிள் என்று பெயர். இன்ஸ்டன்ஸ் வேரியபிளோ ஸ்டாட்டிக் வேரியபிளோ, எண்ணுக்கு நாம் மதிப்புத் தராவிட்டால் ஜாவா தானே பூஜ்யம் வைத்துக்கொள்ளும். மெத்தடுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிளைத்தான், மதிப்பு எங்கே என்று கம்பைலர் கேள்வி கேட்கும். வகுப்பில் ஒப்பித்த பாடம்தான். அளக்காததும் பூஜ்யம், இல்லாததும் பூஜ்யம் என்று விட்டிருந்தேன். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பாலில் கொழுப்பு பூஜ்யம் ஆகாது. அதைக்கூட அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை.

"பால்ல தண்ணி கலக்கல மாமா, தண்ணியில பால் கலக்க மறந்துட்டா!" என்றான் வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். மெஷின் ஓடாததைச் சொல்லாமல் குமாஸ்தாவும் சேர்ந்து சிரித்தார்.

"மாட்டு மேல சத்தியமா ஊத்தல. நீயே பாரு சார்," என்று அவள் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தவுடன் புரிந்தது. ஆனால் விசாவுக்கு அந்தப் பண்ணையின் அனுபவச் சான்றிதழ் வேண்டும். சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் பாலை வாங்குவதை நிறுத்தினார்கள். மாட்டை விற்றுவிட்டுத் திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு வேலைக்குப் போனாள். நான் புரோகிராமைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு விமானம் ஏறினேன்.

வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்து, அந்த லாட்ஜைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் தரையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"என்னாண்ட சொல்லி இன்னா சார்? நான் ஊத்தலன்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல போயி சொல்லு."

போனேன். பால் வரிசையின் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்றேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா சார்?" என்றார் ஒரு பெரியவர்.

"அதில் எழுதினது நான்தான்யா!"

அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "அந்தப் பொம்பள அழுது கேட்டுக்கினா போலக்கீது, அவ பழிய இவரு ஏத்துக்கிறாரு. பாவம், நல்ல மனுசன்."

இல்லை, இல்லை என்று எவ்வளவு கத்தியும் கேட்காமல், எனக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.