இடக்கையை நீட்டியவர்

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தை வீட்டிலிருந்து புறப்படும் வேளையில் தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து மரியதாசின் மனைவி பிலோமினா. "டொக்டர், அவர் போயிட்டார்" என்றார். மூளையில் இரத்தக் கசிவு. வயது நாற்பத்தொன்பது. எங்கள் இதயப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடம் அழுத்தப் பதிவைப் பார்த்துக்கொண்டவர். அவரோடு வேலை செய்து, அவருடைய பிடிவாதத்தில் மாட்டி அவதிப்பட்ட உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நோயாளியின் நாளம் வழியே மெல்லிய குழாயொன்றை இதயத்தருகே நான் செலுத்துவேன். அங்குள்ள அழுத்தம் மரியதாசின் திரையில் ஓடும். குழாயோடு இணைந்த அளவுகருவி நோயாளியின் நெஞ்சு மட்டத்தில் இல்லாவிட்டால் எண் பிழையாகிவிடும். யுத்த நாட்களில், குண்டு வெடித்து ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்ட ஒருநாள், "விடும் மரியதாஸ், தொடங்குவம்" என்று கத்தினேன். "மட்டம் பார்க்காமத் தொடங்க ஏலாது சேர்." பார்த்தால் கருவி நான்கு விரல் தாழ்ந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இரண்டு நாள் ஆறவில்லை.

பிறகு ஒரு புது இயந்திரம் வந்தது. உடம்புக்குள் எதுவும் செலுத்த வேண்டாம். கையில் பட்டி கட்டினால் போதும், இதயத்தருகே உள்ள அழுத்தத்தைக் கணித்துவிடும். நான் மயங்கிப்போனேன். குழாயையும் பட்டியையும் ஒரே வேளையில் வைத்து ஒப்பிட்டோம். சிலரில் பொருந்தியது, சிலரில் நன்றாகவே விலகியது. நான் பொருந்தியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"இது கைகிட்டக் கேட்டுத்தானே சேர் நெஞ்சைப் பத்திச் சொல்லுது? கை பொய் சொன்னா இதுவும் பொய்தான் சொல்லும்" என்றார் மரியதாஸ். அதனால் யாரானாலும் இரண்டு கையிலும் அளப்பார். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் எங்கே அளந்தது என்று எழுதுவார். "எங்க எடுத்த எண் எண்டு எழுதாட்டி அது எண்ணே இல்ல சேர்."

அப்படிப்பட்டவர் வருடாந்த மருத்துவச் சோதனைக்கு என் முன்னால் வந்து இடக்கையை மட்டும் நீட்டுவார். ஒருமுறை வலக்கையைக் கேட்டேன். "எனக்குமா சேர்?" என்று பகிடியாகச் சிரித்தார். எண் அழகாக இருந்தது. வேலைக்குத் தகுதியானவர் என்று கையெழுத்திட்டேன். கடைசி ஐந்து வருடமும் அப்படித்தான்.

செத்தவீட்டில் பிலோமினா என்னைத் தனியே கூப்பிட்டார். ஆறு வருடத்துக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பில் மரியதாசைப் பிடித்துப்போய் மூன்று வாரம் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடந்ததை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

"இடக்கையிலதான் கட்டித் தொங்கவிட்டாங்க டொக்டர். அதுக்குப் பிறகு அந்தக் கையில நாடி சரியாக் கிடைக்கிறேல்ல, பிரஷரும் குறைச்சுத்தான் காட்டும். வலக்கையில பிரஷர் இருநூறுக்கு மேல. மருந்து எடுங்க எண்டு அழுதன். எடுத்தா கிளினிக் கொப்பியில பதிஞ்சிரும், வேலைக்கு ஏலாது எண்டு நிப்பாட்டிருவாங்க எண்டார். வேலை போனா ஆஸ்பத்திரி அடையாளக் கார்டும் போயிரும். கார்ட் இல்லாட்டி செக்பொயின்ட்ல திரும்பவும் பிடிச்சிருவாங்க எண்டு அவருக்குப் பயம்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவருடைய கோப்பை எடுத்தேன். அந்த ஐந்து வருடத்துப் படிவங்கள். எந்தக் கை என்று எழுத அவற்றில் இடமே கிடையாது. ஆனால் ஐந்திலும், என் கையெழுத்துக்கு மேலே, ஓரத்தில், மரியதாசின் பொடி எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது: இடக்கை.

அந்தப் படிவங்களை என்னிடமே வைத்துக்கொண்டேன். அவர் எழுதியிருக்கிறார். நான்தான் வாசிக்கவில்லை.